முதல் காப்பு

அத்தியாயம் 11

விடியற்கருக்கலில் கார் ஆலங்கண்மாய் ஊர் எல்லையைத் தாண்டியபோது, உதயகுமார் வலது மணிக்கட்டை இடது கையால் மூடிக்கொண்டார். பார்க்க அங்கே ஒரு ஈ, காக்கை இல்லை. இருந்தாலும் மூடிக்கொண்டார்.

மணிக்கட்டில் செல்லாயி அம்மன் கோயில் காப்பு. மஞ்சள் கயிறு, அதில் முடிந்த மஞ்சள் கிழங்கு. செவ்வாய்க்கிழமை ஊரே கூடி நிற்கக் கட்டியது.

மகள் தீபலட்சுமி, வீட்டில் தீபா, கார் ஓட்டினாள். வழக்கமாக ஓட்டும் சின்னச்சாமியை இன்று கூப்பிடவில்லை. சின்னச்சாமி நல்லவன்தான். ஆனால் அவனிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான்.

பின் சீட்டில் யோகலட்சுமி ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாற்று வேட்டி, துண்டு, ஃப்ளாஸ்க், ஸ்கேன் ரிப்போர்ட். எல்லாவற்றையும் எடுத்து வைத்தாயிற்று. புருஷனுக்குப் புற்றுநோய் என்று கேட்ட பெண்டாட்டிக்கு அடிவயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்கள். யோகலட்சுமிக்கு அப்படி ஒன்றும் கரைக்கவில்லை. எதுவும் தோன்றவில்லை. தோன்றவில்லையே என்பதில் மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இந்தக் குடும்பம் படும் பாட்டை வாராவாரம் படிக்கிறவர்கள் அறிவார்கள். புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் பம்புசெட் கடை வைத்திருப்பவர் உதயகுமார். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கிற மனுஷருக்கு, தன் தண்ணீர் போவதில் தகராறு வந்தது. சர்க்கரையாக இருக்கும் என்று வெகுநாள் சமாளித்தார். கடைசியில் மதுரையில் ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். ஆரம்பக் கட்டம்தான், ஒரு பக்கத்தில்தான் என்றும் சொன்னார்கள்.

அன்றைக்கே உதயகுமார் உத்தரவு போட்டுவிட்டார். யாருக்கும் மூச்சு விடக்கூடாது. முக்கியமாகத் தம்பி சின்னக்கருப்புக்கு.

தம்பிக்கும் அண்ணனுக்கும் நிலத்தில் சண்டை இல்லை. சண்டையெல்லாம் இந்த மஞ்சள் கயிற்றில்தான். அந்த ஊரில் முதல் காப்பு இவர்கள் வீட்டுக்கு. அப்பா போன பிறகு மூத்தவர் என்று உதயகுமார் கட்டிக்கொள்கிறார். "டவுன்ல கடையப் பாக்குறவருக்குத் திருவிழாவுக்கு மட்டும் முதல் காப்பாக்கும்? வருசம் பூராவும் இந்த மண்ணுல கெடக்குறவன் நானு" என்பது சின்னக்கருப்பின் கட்சி. அதைச் சொன்ன நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு அளவோடுதான்.

காப்புக் கட்டினால் ராத்திரி ஊர் எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். விளக்கு வைத்ததும் கோயிலுக்கு வந்துவிட வேண்டும். முதல் காப்புக்காரர் சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்த பிறகுதான் மற்றவர்கள் விழுவார்கள், திருநீறு வாங்குவார்கள். திருவிழா முடிகிறவரை தினமும் இது உண்டு.

பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது என்று ஊர்க்கூட்டத்தில் இந்த வருஷம் திருவிழாவை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள். மதுரையில் வைத்தியத்துக்கு வாங்கிய தேதி சரியாகத் திருவிழாவுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. 'இந்த வருசம் தம்பி கட்டிக்கிறட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று ஊர் கேட்கும். அதனால் பேசாமல் கையை நீட்டினார், கட்டினார்கள்.

எந்த வைத்தியம் என்பது திருவிழாத் தேதி தெரிந்த பிறகுதான் முடிவானது. ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். டாக்டரம்மா சொன்ன இன்னொரு வைத்தியத்தில் கத்தி இல்லை, தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். உதயகுமார் அதைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சந்திப்பில் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "பொழுது சாய ஊருக்கு வந்துரலாம்ல?"

யோகலட்சுமியின் மனசுக்குள் ஏதாவது இருந்தது என்றால் அந்தக் கேள்விதான் இருந்தது. நோய்க்குப் பார்த்து வைத்தியமா, திருவிழாவுக்குப் பார்த்து வைத்தியமா?

* * *

டாக்டர் ராஜப்ரியாவுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அன்றைக்கு முதல் கேஸே உதயகுமார்தான் என்பதால் ஆஸ்பத்திரி இன்னும் அமைதியாக இருந்தது.

"மறுபடி ஒரு தடவை சொல்லிர்றேன் சார். இடுப்புக்குக் கீழ மரக்கிறதுக்கு ஊசி போடுவோம். ஆசனவாய் வழியா ஒரு கருவிய வச்சு, அல்ட்ராசவுண்ட் ஒலி அலைய அந்தக் கட்டி மேல மட்டும் குவிப்போம். பூதக்கண்ணாடி வச்சு வெயிலக் குவிச்சா பேப்பர்ல அந்த இடம் மட்டும் கருகும்ல, அது மாதிரி. பக்கத்துல இருக்கிற நரம்புக்கெல்லாம் முடிஞ்ச மட்டும் சேதாரம் இல்லாமப் பாத்துக்குவோம்."

உதயகுமார் ஆசனவாய் என்ற இடத்திலேயே ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மகள் பக்கத்தில் நிற்கிறாளே!

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் யோகலட்சுமி.

தீபா திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளில் அம்மா டாக்டரிடம் வாய் திறப்பது இதுதான் முதல் தடவை.

"இவுக ராத்திரிக்குள்ள ஊரு திரும்பணும்னு நிக்கிறாக. அதுக்காகத்தான் இந்த வைத்தியமா? இல்ல, இவுக நோய்க்கு இதுதான் சரியா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவரு நிக்கிறாருங்கிறதுக்காக நான் செஞ்சிருவேனாம்மா? கட்டி ஒரு பக்கந்தான் இருக்கு. சின்னது. ஸ்கேன்ல தெளிவாத் தெரியுது, வெளிய பரவல. அதனாலதான் இது. ரெண்டு பக்கமும் இருந்திருந்தா வேற வழிதான் சொல்லியிருப்பேன்."

"இதோட போயிருமா?"

"அந்த இடம் போகணும்னுதான் செய்யிறோம். ஆனா மிச்சச் சுரப்பி உள்ளயேதான் இருக்கும். அதுல பின்னால வரலாம், வராமலும் போகலாம். அதுக்காகத்தான் மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாக்கணும், ஸ்கேன் எடுக்கணும், தேவைப்பட்டா மறுபடி சதை எடுத்துப் பாக்கணும். அத விட்டீங்கன்னா நான் இன்னைக்குச் செய்யிறதுக்கு அர்த்தமே இல்ல. வந்துச்சுன்னா அப்ப ஆபரேஷனோ, ரேடியேஷன் கரண்டு வைக்கிறதோ பாத்துக்கலாம். அந்த வழியெல்லாம் அடைச்சிரல."

யோகலட்சுமி தலையாட்டினாள். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. நிம்மதி வர வேண்டும். வரவில்லை. கவலையும் வரவில்லை.

வெளியே நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தாள். "மோதிரம், செயின் எல்லாம் கழட்டிருங்க. கையில இருக்கிற கயிற வெட்டிர்றேன் சார்."

"அதத் தொடாதம்மா!"

உதயகுமார் போட்ட சத்தத்தில் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, கயிற்றின் மேலேயே பேண்டேஜைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டினாள். உள்ளே கூட்டிப் போகும்போது உதயகுமார் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, அந்தக் கட்டைத்தான் பார்த்துக்கொண்டே போனார்.

* * *

காத்திருக்கும் இடத்தில் தீபாதான் அழுதாள். அழுது, மூக்கைத் துடைத்து, அம்மாவைப் பார்த்தாள்.

"உனக்கு அழுகையே வராதாம்மா?"

"வந்தா அழுக மாட்டனா? வரல."

"எனக்குப் பயமா இருக்கும்மா, உன்னப் பாத்தா."

யோகலட்சுமிக்கு, நேற்று மாவிளக்குக்கு இடித்தது, ஊர்க்காரிகளோடு முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்தது, எல்லாவற்றையும் யாரோ செய்ததை இவள் தள்ளி நின்று பார்த்தது போலத்தான் இருந்தது. அதை மகளிடம் சொன்னால் இவளையும் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பாள்.

போன் அடித்தது. சின்னக்கருப்பு.

"மதினி, அண்ணன் போனு எடுக்கல. எங்குட்டு இருக்கீக?"

"காரைக்குடியில, கடையில. சரக்கு வந்திருக்கு தம்பி."

"பொழுதோட வந்துருவாகள்ல? போன வருசம் மாதிரி ஊரக் காக்க வைக்கப் போறாக."

"வந்துருவாக."

பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது! நாக்குக் குழறவில்லை, நெஞ்சு படபடக்கவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு, ஃப்ளாஸ்கில் இருந்த காப்பியை மகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

உதயகுமாரை அறைக்குக் கொண்டுவந்தபோது அவர் முழித்துத்தான் இருந்தார்.

"வலிக்குதா?"

"ஒண்ணும் தெரியல யோகம். இடுப்புக்குக் கீழ கட்ட மாதிரி கெடக்கு. நானா வேற ஆளாங்கிற மாதிரி இருக்கு."

எனக்கும் அப்படித்தான், என்ன, எனக்கு உச்சந்தலை வரைக்கும், என்று சொல்ல நினைத்தாள்.

அப்போதுதான் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய பையைப் பார்த்தாள். போர்வைக்கு உள்ளேயிருந்து ஒரு குழாய் வந்து அதில் முடிந்தது. பையில் இளஞ்சிவப்பாக நீர்.

"இது எப்பக் கழட்டுவாக?" என்று கேட்டார் உதயகுமார்.

தீபா விழித்தாள். "ஒரு வாரம் இருக்கும்ப்பா. டாக்டர் போன தடவையே சொன்னாங்களே! உள்ள வீக்கம் இருக்கும், குழாய் இல்லன்னா நீர் அடைச்சிரும்னு."

சொல்லத்தான் செய்தார்கள். மூவரும் தலையாட்டத்தான் செய்தார்கள். உதயகுமார், குழாய் ஆஸ்பத்திரியில் இருக்கிற வரைக்கும்தான் என்று நினைத்துக்கொண்டார். தீபா, அப்பாவுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். யோகலட்சுமி காதில் எதுவுமே நிற்காத நாட்கள் அவை. மதுரைக்கு வர எத்தனை மணி நேரம், திரும்ப எத்தனை மணி நேரம் என்று காதும் காதும் வைத்த மாதிரி திட்டம் போட்டவர்கள், இதை மட்டும் கோட்டை விட்டுவிட்டார்கள்.

மத்தியானத்துக்கு மேல் காலில் உணர்ச்சி திரும்ப வந்தது. டாக்டர் வந்து பார்த்தார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், நீர் கொஞ்சம் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்றார்.

"டாக்டரம்மா, விழுந்து கும்பிடலாமா?"

"எப்ப?"

"இன்னைக்கு."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குப்புற விழுந்து எந்திரிச்சா குழாய் இழுக்கும் சார். உள்ள கிழிஞ்சு ரத்தம் கொட்டும். குழாய் எடுக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே கூடாது."

உதயகுமார் சரி என்றார். அவர் சரி என்று சொன்ன விதம் யோகலட்சுமிக்குத் தெரியும். கடையில் வாரண்டி வேண்டும் என்கிறவர்களிடம் சொல்கிற சரி அது.

* * *

திரும்பும் வழியில் திருப்பத்தூர் தாண்டிய பிறகுதான் பேச்சு வந்தது.

"பைய முழங்காலுக்குக் கீழ வச்சுக் கட்டிருவோம். வேட்டி மறைச்சிரும்" என்றார் உதயகுமார்.

"சித்தப்பாட்டச் சொல்லிருங்கப்பா. அவரு விழுந்து எந்திரிக்கட்டும்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன். சொன்னா என்ன கேப்பான் தெரியுமா? மூத்திரப் பையக் கட்டிக்கிட்டு எப்படிய்யா அம்மன் முன்னாடி நின்னேன்னு கேப்பான். கேட்டா நியாயந்தான். என்னட்டப் பதிலு இருக்கா?"

"டாக்டர் என்ன சொன்னாங்க, கேட்டீங்கல்ல?"

"மெதுவா விழுவேன். மெதுவா எந்திரிப்பேன். ஒரு நிமிச வேல."

தீபா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை. யோகலட்சுமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோயில் வாசலில் சீரியல் லைட் எரிந்தது. கொட்டுக்காரர்கள் ஓய்ந்து நின்றார்கள். எல்லாரும் முதல் காப்புக்காகக் காத்திருந்தார்கள். உதயகுமார் காரிலிருந்து இறங்கி, காவி வேட்டியை இறக்கிக் கட்டி, காலை அகட்டி அகட்டி நடந்தார். பேண்டேஜை வழியிலேயே பிய்த்து எறிந்திருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு பத்திரமாக இருந்தது.

"என்னண்ணே, ஒரு தினுசா நடக்குறீக?" என்றார் சின்னக்கருப்பு. அண்ணனுக்கு அடுத்த இடம் அவருடையது.

"முட்டு வலி."

"டவுன்ல மாடி ஏறி எறங்குற வலியா இருக்கும்."

பக்கத்தில் நின்ற சிலர் சிரித்தார்கள். பூசாரி ஐயனார் சூடத்தைக் கொளுத்தினார். மணி அடித்தது. கொட்டு ஏறியது. உதயகுமார் கைகூப்பிக் கண்ணை மூடினார். கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தார். ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்க ஆரம்பித்தார்.

பெண்கள் பக்கம் நின்றிருந்த யோகலட்சுமி தீர்மானித்து எதையும் செய்யவில்லை. அந்த ஊரில் பூசை நேரத்தில் ஆண்கள் வரிசைக்குள் பெண்கள் போகும் வழக்கம் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் போய் நின்றாள். புருஷனின் தோளைப் பிடித்தாள்.

"விழாதீக."

"யோகம், போ அங்குட்டு!"

"இவுக விழக்கூடாது" என்றாள் அவள், பூசாரியைப் பார்த்து. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கொட்டுத்தான் அதுவாக நின்றது. "இவுகளுக்குக் கேன்சரு. இன்னைக்குத்தான் மதுரையில வைத்தியம் பாத்துக் கூட்டியாந்திருக்கோம். மூத்திரம் போறதுக்குக் குழாய் போட்டிருக்கு. விழுந்தா உள்ள கிழிஞ்சிரும். சாமிக்கு ஆகாதுன்னா சொல்லுங்க, வெளிய கூட்டிப் போயிர்றேன்."

அரிசி விலை சொல்வது மாதிரி சொன்னாள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். 'அடப் பாவமே' என்று ஒரு குரல். 'அந்தக் கோலத்துல சந்நிதிக்குள்ள வரலாமாய்யா?' என்று ஒரு குரல். 'கேன்சருன்னா ஒட்டுமா?' என்று ஒரு மேதாவிக் குரல்.

ஐயனார் தட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "வரலாமா வேணாமாங்கிறத அப்புறமா ஒக்காந்து பேசுங்க. சூடம் அணையப் போகுது" என்று சொல்லிவிட்டு, படியிறங்கி வந்து, நின்றுகொண்டிருந்த உதயகுமார் நெற்றியில் திருநீற்றை அப்பினார். "சின்னக்கருப்பு, நீ விழு."

ஆசைப்பட்டது கைக்கு வந்த மனுஷன் முகம் எப்படி இருக்கும்? சின்னக்கருப்பு முகம் அப்படி இல்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தவர், இரண்டாவது தடவை பூசாரி சொன்ன பிறகுதான் விழுந்தார். எழுந்திருக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

தீபா அப்பாவைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப் போனாள். கதவை மூடுமுன் உதயகுமார் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"இப்பத் திருப்தியா ஒனக்கு?"

யோகலட்சுமி, திருப்தியா என்று தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கோயில் பக்கவாட்டுக் குழாயடிக்குப் போய், முகத்தில் தண்ணீரை வாரி அடித்தாள்.

"மதினி."

சின்னக்கருப்பு நின்றிருந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அந்த டாக்டரு… பொம்பளையா?"

"ஆமா. ஏன் தம்பி?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அருகில் ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டார். "ராத்திரியில ஒண்ணுக்குப் போக ஒரு அஞ்சாறு தடவ எந்திரிக்கிறேன் மதினி. வருசக்கணக்கா. வயசாகுதுன்னு விட்டுட்டேன். இப்பக் கொஞ்ச நாளா…" குழாயடித் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "செவப்பா வருது."

"உங்க வீட்டுல அன்னக்கிளிக்குத் தெரியுமா?"

"அவளுக்கா? அய்யய்யோ! ஊரக் கூட்டிருவா. நீங்களும் சொல்லிராதீக. அந்த டாக்டரு நம்பர மட்டும் குடுங்க. மெதுவாப் போயிக்கிறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

மரத்துப்போன காலுக்கு உயிர் வரும்போது முதலில் வருவது வலிதான். யோகலட்சுமிக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேலா, தம்பி மேலா, இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு ஒத்து ஊதிய தன் மேலா என்று பிரிக்க முடியாத கோபம்.

பெண்கள் கூட்டத்தில் அன்னக்கிளி யாரிடமோ திருநீறு மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்குட்டு நிக்கிறா பாருங்க உங்க பொண்டாட்டி" என்றாள் யோகலட்சுமி. "நீங்க கூப்பிடுறீகளா, நான் கூப்பிடவா?"